பொம்மை ரயில்காரருக்கு ஒரு பிரிவுபசாரம்

(1968–73, மெக்கானிக்கல் பிரிவு)

மலர்க் குழுவிலிருந்து போன். "பொன்விழா மலருக்கு நீ எழுதியே ஆகணும்டா. ஆனா ஹாஸ்டல் சாம்பார், செகண்ட் ஷோவுக்குச் சுவர் ஏறிக் குதிச்சது, பிரின்ஸிபால்கிட்ட மாட்டிக்கிட்டது, இதெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே எட்டுப் பேர் எழுதிட்டாங்க. நீ சரித்திரம் மாதிரி ஏதாவது எழுது" என்றான் நண்பன்.

சரித்திரம் என்றால் எனக்குச் சோழனும் தெரியாது, பல்லவனும் தெரியாது. முப்பத்தைந்து வருஷம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி கட்டினவன் நான். ஆகவே எனக்குத் தெரிந்த ரயில் சரித்திரம் ஒன்றை எழுதுகிறேன். அதுவும் நிஜ ரயில் இல்லை, பொம்மை ரயில்! "இதற்கும் நம் காலேஜுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கும் நண்பர்கள் தயவுசெய்து கடைசிப் பாரா வரை பொறுமையாக வரவும். சம்பந்தம் இருக்கிறது.

2010ஆம் வருஷம். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் நானும் என் மனைவியும் போயிருந்தோம். அவளுக்குப் பேரன் இருந்தான், பொழுது போயிற்று. எனக்கோ ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பது ஒன்றுதான் உத்தியோகம். என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டு மாப்பிள்ளை ஒரு நாள் சொன்னார்: "மாமா, பக்கத்து வீட்டுக்காரர் மாடல் ரயில்வே கிளப்புல மெம்பர். சனிக்கிழமை அங்கே ஒரு ஃபேர்வெல் பார்ட்டியாம். மார்கேட்ல ஹார்ன்பி கம்பெனியில ரிப்பேர் செக்ஷன்ல இருந்தவர் ரிடையர் ஆகிறார். நீங்க ரயில்வே ஆளாச்சே, வாங்கன்னு கூப்பிடறார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கம்பெனி ஃபேர்வெல்லுக்கு நாம எதுக்கு?"

"கம்பெனி நடத்தறது இல்ல மாமா. ரயில் வாங்கினவங்க நடத்தறது."

சாமான் வாங்கினவர்கள், அந்த சாமானை ரிப்பேர் பார்த்தவருக்குப் பிரிவுபசாரம் நடத்துகிறார்கள்! நம் ஊரில் மிக்ஸி ரிப்பேர்காரருக்கு யாராவது மாலை போட்டுப் பார்த்திருக்கிறோமா? இது என்ன கூத்து என்று தெரிந்துகொள்ளவே கிளம்பினேன். அன்று பக்கத்து வீட்டுக்காரரும் மற்றவர்களும் சொன்னது, பிறகு நானே தேடிப் படித்தது, எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

குமாஸ்தா போட்ட துளைகள்

ஃபிராங்க் ஹார்ன்பி 1863-ல் லிவர்பூலில் பிறந்தவர். இன்ஜினீயரிங் படித்தவர் அல்ல. மாமிசம் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. தம் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்து தருவதற்காக, உலோகத் தகட்டை மெல்லிய பட்டைகளாக வெட்டி, அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டார். எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் போல்ட், நட் போட்டு இணைக்கலாம். இன்று பாலம், நாளை கிரேன், மறுநாள் வண்டி. 1901-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1907-ல் அது 'மெக்கானோ' என்ற பெயர் பெற்றது. நம்மில் சிலர் சின்ன வயதில் பணக்காரச் சிநேகிதன் வீட்டில் எட்ட நின்று பார்த்த அதே மெக்கானோதான். 1914-ல் லிவர்பூலில் பின்ஸ் ரோடு என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை வந்தது.

முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டிஷ் குழந்தைகள் ஓட்டிய பொம்மை ரயில்களில் பெரும்பாலானவை ஜெர்மனியிலிருந்து வந்தவை. போர் வந்ததும் அந்த வரத்து நின்றது. போர் முடிந்த பிறகும் ஜெர்மன் சாமான் வாங்க ஜனங்களுக்கு மனம் இல்லை. அந்த இடைவெளியில் 1920-ல் ஹார்ன்பி தன் ரயிலைக் கொண்டுவந்தார். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில், தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர்.

அந்த முதல் ரயிலில் ஒரு விசேஷம். அதையும் மெக்கானோ மாதிரியே போல்ட், நட் போட்டுத்தான் இணைத்திருந்தார். முழுக்கக் கழற்றலாம், மறுபடி பூட்டலாம், கெட்டுப்போன பாகத்தை மட்டும் வாங்கி மாட்டலாம். இதை நான் முக்கியமாகச் சொல்லக் காரணம், உடைந்தால் தூக்கி எறியும் பொம்மையாக அது பிறக்கவில்லை. ரிப்பேர் என்பது அதன் ஜாதகத்திலேயே எழுதியிருந்தது!

இன்னொன்று, கடிதம். 1916 முதல் 'மெக்கானோ மேகஸின்' என்ற பத்திரிகை வந்தது. 1921 முதல் 1935 வரை அதற்கு ஆசிரியர் எல்லிசன் ஹாக்ஸ். வாசகர்களான பையன்கள் கேள்வி எழுதுவார்கள், பத்திரிகை பதில் சொல்லும். 1928-ல் 'ஹார்ன்பி ரயில்வே கம்பெனி' என்ற பெயரில் பையன்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சேர்ந்தால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். பத்து வயதுப் பையன் ஒரு ரயில்வே கம்பெனியின் அங்கத்தினன்! சாமான் விற்பதோடு நிற்காமல், வாங்கினவனோடு பேசிக்கொண்டே இருக்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1938-ல் சின்ன அளவு ரயில் வந்தது. 'டபுள் ஓ' என்ற அளவு என்பதால் அதற்கு 'ஹார்ன்பி டப்ளோ' என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டி நிஜ ரயிலில் 76-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி தண்டவாள அகலம் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் போட்டது 16.5 தான். பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிட உடம்பில் சிறியவை. அந்த 16.5 தண்டவாளத்துக்கு ஏற்ற அளவில் இன்ஜினைச் செய்தால் அன்றைய மோட்டார் அதற்குள் நுழையாது. ஆகவே தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். அந்தத் தப்பு இன்று வரை தொடர்கிறது. ஐ.சி.எஃப். டிராயிங் ஆபீஸில் இப்படிச் செய்திருந்தால் எங்களுக்கு மெமோ கொடுத்திருப்பார்கள்!

டப்ளோ வருவதற்கு முன்பே, 1936-ல், ஹார்ன்பி காலமாகிவிட்டார்.

முதலாளிகள் மாறிய கதை

இனிமேல்தான் நம் கதாநாயகர் வருகிறார்.

ஹார்ன்பிக்குப் போட்டியாக லைன்ஸ் பிரதர்ஸ் என்று ஒரு பெரிய பொம்மைக் கம்பெனி. மூன்று சகோதரர்கள், முக்கோணத்துக்கு மூன்று கோடு என்று கணக்குப் போட்டுத் தங்கள் சாமானுக்கு 'டிரை-ஆங்' என்று பெயர் வைத்தார்கள். ரோவெக்ஸ் என்ற சிறிய கம்பெனியை 1951-ல் வாங்கி, பிளாஸ்டிக்கில் மலிவான மின்சார ரயில் செய்தார்கள். 1954-ல் மார்கேட் என்ற கடற்கரை ஊரில் அதற்குப் புதுத் தொழிற்சாலை கட்டினார்கள். லிவர்பூலின் கனமான உலோக ரயில் அந்த மலிவு விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1964-ல் லைன்ஸ் பிரதர்ஸே மெக்கானோ கம்பெனியை வாங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் 'டிரை-ஆங் ஹார்ன்பி' என்று பெயர் வந்தது. பெயர் மட்டும்தான் ஹார்ன்பி. ரயில் மார்கேட் ரயில்.

நம் மனிதர் அங்கே சேர்ந்தது 1966-ல், பதினாறு வயதில். "இங்கிலாந்து கால்பந்து உலகக் கோப்பை ஜெயித்த வருஷம்" என்றுதான் சொல்வார். அவர் பெயரை நான் எழுதவில்லை. விளம்பரம் பிடிக்காத மனிதர்.

அவர் வேலை பார்த்த 44 வருஷங்களில் நடந்ததைப் பாருங்கள். 1971-ல் லைன்ஸ் பிரதர்ஸ் திவால். மெக்கானோ ஒரு கைக்கும் ரயில் இன்னொரு கைக்கும் போயிற்று. 1972-ல் ரயிலை வாங்கியவர்கள் டன்பீ-கோம்பெக்ஸ்-மார்க்ஸ். 1979 நவம்பரில் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையை மூடினார்கள். தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடியும் பலன் இல்லை. 1980-ல் டன்பீ-கோம்பெக்ஸ்-மார்க்ஸும் விழுந்தது. ஹார்ன்பி தனிக் கம்பெனியாகப் பிழைத்து, 1986-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி முழுவதும் சீனாவுக்குப் போயிற்று. மார்கேட்டில் மோல்டிங் மெஷின் சத்தம் நின்றது.

இத்தனை முதலாளிகள் வந்து போனார்கள். அவருடைய மேஜை, விளக்கு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. லண்டனில் யார் கையெழுத்துப் போட்டாலும், ஓடாத இன்ஜின் பார்சலில் வந்துகொண்டேதான் இருந்தது. அவரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

ரயில் பைத்தியங்களின் பிரச்சினையும் அதுதான். பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பி எழுதினால், அந்தப் பெயருக்கு இன்று யார் சொந்தக்காரர் என்றே தெரியாது. 1958-ல் வாங்கின இன்ஜினுக்கு 1985-ல் பாகம் வேண்டுமென்றால், புதிதாக வந்த மானேஜருக்கு அப்படி ஓர் இன்ஜின் இருந்ததே தெரியாது. இந்த மனிதருக்குத் தெரியும். எந்த வருஷத்தில் எந்த ஸ்க்ரூவை மாற்றினார்கள், எந்தக் கியர் எந்த மோட்டாருக்குச் சேரும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கம்பெனியின் ஞாபகசக்தி அவர்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது நான் கொஞ்சம் மிகை என்றுதான் நினைத்தேன்.

ஒரு சொட்டு எண்ணெய்

சர்ச்சை ஒட்டிய ஒரு சின்ன ஹால். முப்பது பேர் இருக்கும். ரிடையரான போஸ்ட்மேன், பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பல் டாக்டர், இரண்டு கல்லூரிப் பையன்கள். நடுவே நீள மேஜையில் தண்டவாளம், ஸ்டேஷன், சுரங்கம், மேய்கிற ஆடு உள்பட எல்லாம் இருந்தது. மாலை, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை ஒன்றும் கிடையாது. டீ, கேக், அவ்வளவுதான்.

ஒவ்வொருவரும் ஒரு இன்ஜின் கொண்டுவந்திருந்தார்கள். அவர் கையால் ரிப்பேர் ஆன இன்ஜின். அதை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் வைத்து ஒரு சுற்று ஓட்டினார்கள். அதுதான் பிரிவுபசாரம்! வண்டி சுற்றும்போது அதன் சொந்தக்காரர் அதன் கதையைச் சொல்வார். "இது என் அப்பாவுடையது. பரணில் இருபது வருஷம் கிடந்தது..." என்று ஆரம்பிப்பார்கள்.

பலர் இன்ஜினோடு ஒரு சிறு காகிதச் சீட்டையும் வைத்திருந்தார்கள். ரிப்பேர் முடிந்து பார்சல் திரும்பி வரும்போது அவர் கையால் எழுதி வைக்கும் சீட்டு. என்ன கெட்டிருந்தது, என்ன மாற்றினேன் என்று இரண்டு வரி. கடைசியில் எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம்: "எண்ணெய் ஒரு சொட்டு போதும்."

காரணம் கேட்டேன். அந்த 12 வோல்ட் மோட்டாரில் கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டரில் உரசிக்கொண்டே இருக்கும். கார்பன் தூள் விழும். ஆர்வக்கோளாறில் எண்ணெயைக் கொட்டினால், தூளும் எண்ணெயும் குழைந்து மை மாதிரி ஆகி, மோட்டார் நின்றுபோகும். சிலர் காந்தத்தைத் தனியாகக் கழற்றித் துடைப்பார்கள். பழைய வகைக் காந்தத்தின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைக்காமல் வெளியே எடுத்தால் அதன் பலம் போய்விடும். "பாதி இன்ஜின் வயசானதால் கெடவில்லை, பாசத்தால் கெட்டது" என்றார் சிரித்துக்கொண்டே.

நடுவே ஒரு சம்பவம். ஒரு பச்சை நிற இன்ஜின் மூன்றாவது வளைவில் நொண்டியது. டிக்... டிக்... டிக். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கையில் கேக் தட்டு. பேசிக்கொண்டிருந்த கிளப் தலைவரை அப்படியே விட்டுவிட்டு, தட்டைக் கீழே வைத்து, கண்ணாடியை மாற்றிப் போட்டு, பாக்கெட்டிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தம் பிரிவுபசாரத்துக்கே ஸ்க்ரூ டிரைவரோடு வந்திருக்கிறார் மனுஷர்! சக்கரத்துக்குப் பக்கத்தில் வளைந்திருந்த ஒரு கம்பியை நிமிர்த்தி வைத்தார். ஓடியது. அப்போதுதான் முதல் தடவையாக ஹாலில் கைதட்டல் கேட்டது. பக்கத்தில் நின்ற பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது மிகை இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

கடைசியில் ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். உள்ளே அவருடைய முழுப் பெயர், மனைவி பெயர், பேரக் குழந்தைகளின் பெயர், எல்லோருடைய கையெழுத்தும் இருந்தன. என்னையும் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அவர் கேட்ட கேள்வி

எல்லாம் முடிந்து மேஜையை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் என்னை அவரிடம் அறிமுகப்படுத்தினார். நிஜ ரயில் பெட்டி கட்டுகிறவர், மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறார் என்று. அவருக்கு ஒரே சந்தோஷம். மேஜைக் காலின் ஓரம் பிசிறாக இருந்தது. பெட்டியிலிருந்து ஓர் அரத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "பார்க்கலாமே" என்றார். தேய்த்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "உங்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?"

நண்பர்களே, உங்களுக்குத் தெரியும் யார் என்று.

நம் ஒர்க்ஷாப், ஃபிட்டிங் ஷெட், மேஸ்திரி. முதல் வருஷத்தில் இரும்புத் துண்டைச் சதுரமாகத் தேய்க்கச் சொல்லி நம் உயிரை வாங்கினாரே, அதே மேஸ்திரி. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "கீழே வெளிச்சம் தெரியுது பாருங்க தம்பி, இன்னும் ரெண்டு இழுப்பு" என்பார். கை கொப்புளித்தவனுக்குத் தன் வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுவார். ஐ.சி.எஃப்.பில் முப்பத்தைந்து வருஷம் நான் எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கித்தான் பார்த்தேன். தியரி புஸ்தகம் எழுதினவர் பெயர் மறந்துவிட்டது. அந்த இரண்டு இழுப்பு மறக்கவில்லை.

அதையெல்லாம் சொன்னேன். அவர் ரசித்துக் கேட்டார். "அவருக்கு எப்படி ஃபேர்வெல் கொடுத்தீர்கள்?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. 1973 ஏப்ரல். நாம் வெளியே வந்த அதே மாதம்தான் மேஸ்திரியும் ஓய்வு பெற்றார். நமக்கு குரூப் போட்டோ, டின்னர், ஆட்டோகிராஃப். போட்டோவுக்கு ஒர்க்ஷாப்பிலிருந்து பெஞ்சு தூக்கிக்கொண்டு வந்து வரிசையாகப் போட்டவர் அவர்தான். போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். "மேஸ்திரி, நீங்களும் வாங்க" என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. போட்டோ எடுத்து முடிந்ததும் பெஞ்சைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கும் அன்றுதான் கடைசி வாரம் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தப் போட்டோ இந்த மலரிலும் நிச்சயம் வரும். எடுத்துப் பாருங்கள். பிரின்ஸிபால் இருப்பார், புரொபஸர்கள் இருப்பார்கள், நாம் எல்லோரும் தலை நிறைய முடியோடு இருப்போம். மேஸ்திரி இல்லை. அவர் போட்ட பெஞ்சு மட்டும் இருக்கிறது.

முன்பின் தெரியாத ஓர் ஊரில், ஒரு தடவை பார்த்த மனிதரின் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன் நான். என் கைக்கு வேலை கற்றுக்கொடுத்தவரின் முழுப் பெயர் எனக்குத் தெரியாது. நமக்கு அவர் 'மேஸ்திரி'. அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆபீஸில் அந்த வருஷச் சம்பளப் பதிவேடு இருந்தால் அவர் பெயரைத் தேடச் சொல்லி மலர்க் குழுவைக் கேட்டிருக்கிறேன். அவர் படம் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விழா அன்று சாப்பாடு முடிந்ததும், கலை நிகழ்ச்சிக்கு முன்னால், நான் ஃபிட்டிங் ஷெட்டுக்குப் போகப் போகிறேன். அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கு ஒரு கதையோடு வந்து சேருங்கள். முதல் கதை என்னுடையது.